இரண்டாவது பை

மதினி,

இன்று மத்தியானம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கல்யாண வீட்டுக்குத் தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டுத் திண்டுக்கல் பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரம். கொடைக்கானலுக்குப் போகிற கூட்டத்தை நம்பி ஒரு அம்மா தள்ளுவண்டியில் மக்காச்சோளம் வேகவைத்துக்கொண்டிருந்தார். அவர் மூடியைத் தூக்கியதும் ஆவி காற்றில் திரும்பி நேராக என் முகத்தில் வந்து அடித்தது. அந்த வாசம் உங்களுடையது. மக்காச்சோளத்துக்கும் அதே வாசம் இருக்கிறது என்பதே எனக்கு இப்போதெல்லாம் இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வருகிறது.

அந்த நேரம் பார்த்துக் கைப்பைக்குள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அந்த இளம் டாக்டரம்மா. நீங்கள் 'கண்ணாடி அம்மிணி' என்று பெயர் வைத்தீர்களே, அவர்தான். "அக்கா, எடுக்கிறதுக்கு முன்னாடி சொல்லச் சொல்லியிருந்தீங்க. நாளைக்குக் காலையில அவங்களோட ரெண்டாவது பையை எடுக்கிறோம்" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்வது? போனை வைத்துவிட்டு, என்ன நினைத்தேனோ, வண்டிக்கார அம்மாவிடம் வேகாத கதிராக இரண்டு கேட்டேன். "வெந்ததே சுடச்சுட இருக்கே தாயி" என்றார். வேகாததுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது வடமதுரையில், நம் வீட்டு முன் அறையில், தையல் மிஷின் பலகைமேல் காகிதத்தை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பொழுது சாய்ந்ததும் அண்ணன் பூ மார்க்கெட்டிலிருந்து வந்துவிடுவார். அதற்குள் இந்த விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் நீங்கள்தான் எனக்குப் பதிலாகப் பேசுவீர்கள். என் வாய் தெருவுக்கே தெரிந்த வாய். ஆனால் சண்டை போடத்தான் அது லாயக்கு.

நீங்கள் தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் உங்களை நான் படுத்திய பாடு கொஞ்சமா? உங்கள் ஊர்ப் பேச்சு எனக்கு ஒரு விளையாட்டுச் சாமான். வாசலில் படுத்திருந்த நாயைத் தள்ளிப் போகச் சொல்ல, அதற்கும் மரியாதை கொடுத்து "அக்கட்ட போங்க" என்று நீங்கள் சொன்னதைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டேன். நீங்கள் கோபிக்கவில்லை. "அதுவும் ஒரு சீவந்தானுங்களே அம்மிணி" என்றீர்கள். கட்டினவனோடு ஒத்துவராமல் பெட்டியும் கையுமாக நான் திரும்பி வந்த அன்று, ஊரே ஏன் வந்தாய் என்று கேட்டது. நீங்கள் மட்டும் சாப்பிட்டீங்களா என்று கேட்டீர்கள். மறுநாள் உங்கள் கட்டிலை உள் அறைக்குத் தள்ளிவிட்டு, இந்த முன் அறையில் என் மிஷினைப் போட இடம் செய்து கொடுத்தீர்கள். அன்றிலிருந்து உங்கள்மேல் எனக்கு அம்புட்டு ஆசை. அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேலி செய்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழியாக இருந்தது.

இருமல் வந்தது. மார்கழிப் பனி என்றோம், பிறகு மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். பீடிப் புகை பட்டாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிற உங்களுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றும், அது வெகுதூரம் பரவிவிட்டது என்றும் டாக்டர் சொன்னபோது அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மாத்திரை கொஞ்ச காலம் கேட்டது. அப்புறம் நரம்பில் ஏற்றிய மருந்து கொஞ்ச காலம் கேட்டது. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி புடைத்து வந்த பிறகு எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் அந்தப் பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு வைத்தியத்தைப் பரிசோதனையாகச் செய்து பார்க்கிறார்கள், முயன்று பாருங்கள் என்று நம் டாக்டர் எழுதிக் கொடுத்தார். பூ மார்க்கெட்டை விட்டுவிட்டு அண்ணனால் மாதக் கணக்கில் வந்து இருக்க முடியாது. நான் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு உங்களோடு கிளம்பினேன்.

கண்ணாடி அம்மிணி நம் இருவரையும் உட்காரவைத்து விளக்கிய நாள் நினைவிருக்கிறதா? கட்டியை எதிர்ப்பதற்கென்றே நம் உடம்பில் சில செல்கள் உண்டு, அவை கட்டிக்குள் புகுந்து சண்டை போட்டுப் பார்த்து, ஆள் போதாமல் அங்கேயே களைத்துக் கிடக்கும் என்றார். கழுத்துக் கட்டியில் ஒரு துண்டை எடுத்து, அதற்குள் கிடக்கிற அந்தச் செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் தீனி போட்டுக் கோடிக்கணக்கில் பெருக்கி, திரும்பவும் உங்கள் உடம்பிலேயே ஏற்றுவார்களாம். ஒருவருக்கு வளர்த்தது இன்னொருவருக்கு ஆகாதாம். நான் உடனே, "அளவு ஜாக்கெட் வச்சுத் தைக்கிற மாதிரின்னு சொல்லுங்க" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு மற்றவர்களுக்கும் அப்படித்தான் சொல்லி விளக்குவதாகக் கேள்விப்பட்டேன்.

ஆனால் சிரித்து முடித்ததும் அவர் ஒளிக்காமல் சொன்னார். "இது பரிசோதனைதான். சிலருக்குக் கேட்டிருக்கு, சிலருக்குக் கேக்கலை. உங்களுக்குக் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது." நீங்கள் கொஞ்ச நேரம் உங்கள் வளையலைத் திருகிக்கொண்டிருந்தீர்கள். பிறகு கேட்டீர்கள். "எனக்கு ஆவலீன்னாலும், என்னைப் பாத்து நீங்க கத்துக்கிட்டது பொறத்தியாருக்கு ஆகுமுங்களா?" ஆகும் என்றார். "மிச்சம் மீதி இருந்தா அதையும் வெச்சுப் படிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள். எனக்கு எரிச்சல் வந்தது. பிழைக்க வந்த இடத்தில் மிச்சத்தைப் பற்றி என்ன பேச்சு என்று வெளியே வந்ததும் உங்களைத் திட்டினேன்.

செல் வளர்கிற வாரங்களில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்து இருந்தோம். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் கேட்கிற ஒரே கேள்வி, "வளருதுங்களா?" என்பதுதான். நல்லா வளருது என்பார்கள். ஒருநாள் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பாயில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி சொன்னீர்கள். "பாருங்க அம்மிணி, இத்தன வருசம் கோயில் கோயிலாப் போயும் எனக்கு ஒண்ணும் தங்கலீங்க. இப்ப கோடிக்கணக்குலயில்ல வளந்துட்டு இருக்குதுங்க." சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். நான் உப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, மாடிப்படி முடிகிற இடத்தில் நின்று அழுதேன்.

ஏற்றுவதற்கு முந்திய நாட்களில் உங்கள் ரத்தத்தில் ஏற்கெனவே இருந்த வெள்ளை அணுக்களை மருந்து கொடுத்து ஒழித்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமாம். உங்களைத் தனி அறையில் வைத்தார்கள். எனக்கு முகமூடி, தலையுறை, நீல அங்கி எல்லாம் மாட்டி உள்ளே விட்டார்கள். வளர்த்த செல்களை உறையவைத்திருந்த பையை வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கிக் கொண்டுவந்து கம்பியில் தொங்கவிட்டார்கள். கொஞ்சம் கலங்கலான தண்ணீர், அவ்வளவுதான். இதற்கா இத்தனை வாரம் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அது இறங்கி முடிவதற்குள் நீங்கள் மூக்கைச் சுளித்தீர்கள்.

"ஏனுங்க அம்மிணி, இங்க யாரு சோளம் வேக வெக்கறாங்க?"

முகமூடியைத் தாண்டி எனக்கும் அடித்தது. செல்கள் உறைந்து சாகாமல் இருக்க ஒரு மருந்தைக் கலந்து வைப்பார்கள், அது மூச்சிலும் வேர்வையிலும் வெளியே வரும்போது இப்படி மணக்கும் என்று நர்ஸ் சொன்னார். சிலருக்குப் பூண்டு வாசம் வருமாம். "எங்கூட்டுக் காட்டு வாசமுங்க" என்று நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்கள் ஊரில் காடு என்றால் மக்காச்சோளம் விளைகிற நிலம். அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறி, குளிர் உங்களைக் கட்டிலோடு தூக்கிப் போட்டது. நான் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறை முழுக்கச் சோளக்காடு. அந்த வாசம் குறையக் குறைய நீங்கள் எழுந்து உட்கார்ந்தீர்கள்.

கட்டிகள் சுருங்கியிருப்பதாகப் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். கழுத்தில் இருந்தது தடவினால்கூடத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு உங்களுக்கு வந்த பசி இருக்கிறதே, அப்பாடா! காலையில் பழையதுக்கே தொட்டுக்கொள்ள ரெண்டு வெஞ்சனம் கேட்டீர்கள். "எங்க அண்ணன் சம்பாதிக்கிறது ஒங்க வெஞ்சனத்துக்கே பத்தாது" என்று நான் சலித்துக்கொண்டே சந்தோஷமாக வதக்கிப் போட்டேன்.

நீங்கள் இளைக்க இளைக்க உங்கள் ஜாக்கெட்டுகளை எல்லாம் நான் பிடித்துப் பிடித்துத் தைத்திருந்தேன். துணியை வெட்டிவிடவில்லை. பக்கவாட்டில் உள்ளே மடித்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மூன்று தையல் ஓட்டியிருந்தேன். பிறகு பிரித்துவிட வேண்டி வந்தால் துணி வேண்டுமே என்று எந்தத் தையல்காரியும் செய்வதுதான். ஒருநாள் நீங்கள் கையைத் தூக்க முடியாமல் இந்த மிஷின் முன்னால் வந்து நின்றீர்கள். "அம்மிணி, புடிக்குதுங்க. ஒரு தையல் பிரிச்சு உடுங்க." பிளேடை எடுத்தேன். உள் தையலில் நூல் அறுந்து அறுந்து வந்தது. என் ஆயுசில் எத்தனையோ ஜாக்கெட்டைப் பிரித்திருக்கிறேன். அன்று பிரித்ததைப் போல ஒன்றை நான் பிரித்ததில்லை. அடுத்த மாதமும் ஒரு தையல் பிரித்தேன். அந்த மாதங்கள் போதும், மதினி, அந்தப் பரிசோதனையை யாராவது வீண் என்று சொன்னால் நான் சண்டைக்குப் போக.

மூன்றாவது தையலைப் பிரிக்கும்படி நீங்கள் கேட்கவில்லை. இருமல் திரும்ப வந்துவிட்டது. நோய் முகத்தை மாற்றிக்கொண்டது, செல்களால் அடையாளம் காண முடியவில்லை போலிருக்கிறது என்றார்கள். முதல் தடவை வளர்த்ததிலேயே இரண்டாவதாக ஒரு பை உறைய வைத்திருந்தார்கள். அதை ஏற்றிவிடுங்கள் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். அதற்கு முன்னால் மறுபடியும் அந்த ஒழிக்கிற மருந்தைக் கொடுக்க வேண்டும், அதை உங்கள் இதயமும் மூச்சும் தாங்காது, ஏற்றினால் கட்டிலிலேயே போய்விடுவீர்கள் என்று பெரிய டாக்டர் அண்ணன் கையைப் பிடித்துச் சொன்னார். நாம் வேனில் வீட்டுக்கு வந்துவிட்டோம். பை அங்கேயே இருந்துவிட்டது.

கடைசி நாட்களில் உங்களுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒருநாள் காலையில் கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"ரெண்டாவது பை ஏத்திட்டாங்களா?"

அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ஏத்தியாச்சு. இப்பத்தான் ஏத்துனாய்ங்க. செத்த நேரம் படு" என்றார்.

நீங்கள் மூச்சை இழுத்துப் பார்த்தீர்கள். "வாசம் வரலீங்களே?"

எனக்கு என்ன தோன்றியதோ, பின்வாசல் வழியாக ஓடினேன். கடைத்தெருவில் சோளம் கிடைத்தது. ஓடிவந்து அடுப்பில் தண்ணீரை வைத்துக் கதிரைப் போட்டேன். கொதி வந்ததும் சட்டியை அப்படியே துணியால் பிடித்துக்கொண்டுபோய் உங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஆவி எழும்பி அறை நிறைந்தது. உங்கள் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். சரி, நம்பிவிட்டீர்கள் என்று நினைத்து நான் எழுந்தபோது, கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்.

"உப்புப் போட்டீங்களா அம்மிணி?"

நான் போடவில்லை. பதிலும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் பேசவில்லை. மறுநாள் பொழுது விடிந்து வாசலில் நான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. எல்லாம் தெரிந்துதான் கேட்டீர்களா? எங்களுக்காகத்தான் அந்த நெற்றியைத் தளர்த்திக்கொண்டீர்களா? இல்லை, மயக்கத்தில் உங்கள் ஊர்க் காட்டில் நின்றுகொண்டு யாரிடமோ கேட்டீர்களா? துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது, அடுப்பே எரியாத வீட்டில், திடீரென்று அந்த வாசம் வரும். கத்தரியை வைத்துவிட்டு எழுந்துபோய் அடுப்படியைப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. "எனக்கு ஒண்ணும் வரலையே தாயி" என்பார் அண்ணன். எனக்குப் பயமாக இருக்கும். வராமல் போனாலும் பயமாக இருக்கும்.

உங்களை எரித்த இரண்டாம் நாள், தகவல் சொல்ல நான் கண்ணாடி அம்மிணிக்குப் போன் செய்தேன். அவர் வருத்தம் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த ரெண்டாவது பை இங்கதான் இருக்கு அக்கா. ஆராய்ச்சிக்கு வச்சுக்கலாம்னு அவங்க முன்னாடியே எழுதிக் குடுத்திருக்காங்க. இருந்தாலும் வீட்டுல ஒரு வார்த்தை கேக்கணும். வேணாம்னா அழிச்சிருவோம்." சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். "அழிக்கிறதுன்னா? இப்ப அது உசுரோடவா இருக்கு?" என்று போனுக்குள் கத்தினார். ஆமாம், உறைந்த நிலையில் உயிரோடுதான் இருக்கிறது என்றார் அவர்.

அவ்வளவுதான். அண்ணன் கருமாதி செய்ய மாட்டேன் என்றுவிட்டார். பங்காளிகள் கூடிவிட்டார்கள். பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. "உசுரோட அங்க அவ ஒரு பங்கு இருக்கா. எப்பிடிய்யா கருமாதி பண்றது? போயி எடுத்துட்டு வாரேன். சாம்பலோட சேத்துக் கரைச்சிட்டு மொத்தமா அனுப்பி வைப்போம்" என்றார். அனுப்பாமல் விட்டால் நீங்கள் பாதி இங்கும் பாதி அங்குமாக அலைவீர்கள் என்று அவருக்குப் பயம். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஊர் கண்டபடி பேசியது.

உங்கள் வீட்டுக்காரரின் தொழில் உங்களுக்குத் தெரியாததா? விடியற்காலையில் பறித்த மல்லிகை அரும்பைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டிக்கு நடுவே வைத்து, தாளைச் சுற்றி, பசைத்தாள் ஒட்டி, எத்தனை ஊர் தாண்டியும் மலராமல் போய்ச்சேர வைக்கிற ஆள். ஐஸில் வைத்தால் எதுவும் எங்கும் போகும் என்பது அவர் கணக்கு. பூ அனுப்புகிற பெட்டிகளிலேயே புதிதாக ஒன்றை எடுத்துக் கழுவிக் காயவைத்து, மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் விசாரித்து ஐஸ் கட்டி வாங்கி, துண்டில் சுற்றித் தட்டி உடைத்துப் பெட்டியில் பரப்பினார். பூவுக்கு எப்படிப் பரப்புவாரோ அப்படியே, ஓரம் கட்டிப் பரப்பினார்.

கண்ணாடி அம்மிணி பெட்டியைப் பார்த்தார், சிரிக்கவில்லை. எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். உள்ளே ஆளுயரத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு தொட்டி. அங்கியும் கையுறையும் போட்ட ஒருவர் மூடியைத் தூக்கியதும் வெள்ளைப் புகை வழிந்து தரையில் பரவியது. "ஐஸெல்லாம் அதுக்குப் பத்தாது ஐயா. அது இதைவிடப் பல மடங்கு குளிர்ல இருக்கு. இந்தப் பெட்டியில வச்சீங்கன்னா நீங்க ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள அது செத்துரும்" என்றார்.

அண்ணன் பெட்டியைத் தரையில் வைத்தார். "வெளிய எடுத்து உருக்குனா அது என்ன செய்யும்?"

"அந்தக் கட்டியைத் தேடும். அவங்க உடம்புல இருந்த கட்டி மட்டுந்தான் அதுக்குத் தெரியும். அந்தக் கட்டியில நாங்க எடுத்து வச்ச துண்டு ஒண்ணு இருக்கு. அதோட சேத்து விட்டு, மொதல்ல எப்படி ஜெயிச்சுச்சு, அப்புறம் ஏன் தோத்துச்சுன்னு பாப்போம். அடுத்து வர்றவங்களுக்கு அது உதவும்."

"முடிஞ்ச பிறகு?"

"கொஞ்ச நாள் இருக்கும். அப்புறம் அடங்கிரும்."

அண்ணன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு தொட்டியையே பார்த்தார். அப்படியே கேட்டார். "அதுக்குத் தெரியுமா, அவ போயிட்டான்னு?"

டாக்டரம்மா, அதற்குத் தெரியாது என்று தலையை ஆட்டினார்.

"அப்ப எழுப்ப வேணாம்" என்றார் அண்ணன். "தெரியாமலே கெடக்கட்டும்."

நான் குறுக்கே புகுந்தேன். மிச்சத்தை வைத்துப் படித்துக்கொள்ளச் சொன்னது நீங்கள் என்றும், உங்கள் பேச்சைத் தட்ட அவருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை என்றும் சொன்னேன். பொது இடம் என்றும் பாராமல் சத்தம் போட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. அவ சொன்னபடியே ஆகட்டும். ஆனா எடுக்கிறதுக்கு மொத நாளு எங்களுக்குச் சொல்லிப்புடுங்க. எடுக்கிற அன்னைக்குத்தான் நான் கருமாதி பண்ணுவேன்" என்றார். திரும்பி வரும்போது பெட்டியை விட்டுவிட்டு வர மனமில்லாமல் மடியில்தான் வைத்திருந்தார். ஐஸ் உருகி அவர் வேட்டி நனைந்துகொண்டே வந்தது.

அதன் பிறகு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஊருக்கெல்லாம் மாலைக்குப் பூக் கொடுக்கிறவர் உங்கள் படத்துக்கு ஒரு முழம் பூ வைக்கவில்லை. "உசுரோட இருக்கவளுக்கு எதுக்கு மாலை?" என்பார். உங்கள் சேலைகள் பீரோவில் அப்படியே இருக்கின்றன. சில நாட்களில் அந்த ஆஸ்பத்திரி ஊரில் வெக்கை அதிகம் என்று செய்தியில் கேட்டால், "அங்க கரண்டு நிக்காம இருக்கணும்" என்று முணுமுணுப்பார். அந்த மனிதர் ஒரு தொட்டிக் குளிரை நம்பி உயிரை வைத்திருக்கிறார், மதினி. அதைத்தான் நாளைக் காலையில் திறக்கப்போகிறார்கள். நான் எப்படிச் சொல்ல?

வாசலில் சைக்கிள் சத்தம் கேட்கிறது.

*

மேலே உள்ளதை நேற்று அந்த இடத்தோடு நிறுத்தினேன். வந்தது அண்ணன் இல்லை, தபால்காரர். ஆனால் அதற்கு மேல் எழுத ஓடவில்லை. வாங்கி வந்த கதிரில் ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அது கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணன் வந்தார். காலிப் பெட்டிகளைக் கட்டிய கயிற்றோடு இறக்கி வைத்துவிட்டு நிலையைத் தாண்டியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு வருஷமாகத் தனக்கு எந்த வாசமும் வரவில்லையே என்று சொன்ன மனிதர் மூக்கை நிமிர்த்தி மூச்சை இழுத்தார்.

"போன் வந்துருச்சா தாயி?"

நான் தலையை ஆட்டினேன்.

"எப்ப?"

"நாளைக்குக் காலையிலண்ணே."

அவர் உள் அறைக்குப் போய் உங்கள் கட்டில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இம்புட்டு நாளும் நான்தான் அவளைப் புடிச்சு வச்சிட்டேனோ?" என்றார். இல்லை என்றேன். "இனிமே அதுக்குத் தெரிஞ்சுருமா?" என்றார். சாப்பிட வாங்க என்று மட்டும் சொன்னேன். உங்களிடம் கற்றதில் எனக்கு வந்தது அந்த ஒன்றுதான். அவர் வந்து சாப்பிட்டார். அந்தக் கதிரை இருவரும் தொடவில்லை.

இன்று விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போனவர் பெட்டி நிறைய மல்லிகை அரும்போடு திரும்பி வந்தார். ஆளை வைத்துக் கட்டச் சொல்லவில்லை. தானே உட்கார்ந்து கட்டினார். விரல் பழகிய வேலை, ஆனாலும் நூல் அடிக்கடி அறுந்தது. பெரியப்பாவும் இரண்டு மூன்று பங்காளிகளும் வந்தார்கள். யாரும் பழையதைப் பேசவில்லை. அங்கே தொட்டியைத் திறக்கிற நேரத்துக்கு இங்கே அண்ணன் உங்கள் படத்துக்கு மாலை போட்டார். போட்டுவிட்டு, நான் இதுவரை கேட்காத ஒரு குரலில் அழுதார்.

உங்கள் சேலைகளை எடுத்துக் கொடுத்துவிட்டோம். உங்கள் அளவு ஜாக்கெட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை. பிரிக்காத மூன்றாவது தையலோடு மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அது வேறு யாருக்கும் ஆகாது.

படையல் போட்டோம். உங்களுக்குப் பிடித்த வெஞ்சனம் எல்லாம் வைத்தேன், கத்தரிக்காயும் கருவாடும்கூட. இலையின் ஓரத்தில் இரண்டாவது கதிர். அதைச் சட்டியில் போடும்போது என் கை நின்றது. நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது.

உப்புப் போட்டிருக்கிறேன், மதினி.